சட்டைப் பைக்கு ஒரு வளைகத்தி: பார்த்து வாங்குவது எப்படி?

மலை சரியும்போது யாரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. பிள்ளைகளைத் தூக்குகிறோம், வயதானவர்களின் கையைப் பிடிக்கிறோம், அடையாள அட்டை அகப்பட்டால் எடுக்கிறோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் அப்படித்தான் நடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையால் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண் சரிந்தபோதும் அப்படித்தான் நடந்தது. உயிர் தப்பியது. ஆனால் கொல்லையில் சாத்தி வைத்த கருவிகள் எல்லாம் மண்ணுக்குள் போயின.

பிறகு மெல்ல மெல்ல வாழ்க்கை தொடங்குகிறது. தற்காலிக வீட்டின் ஓரத்தில் ஒரு பாத்தி, உறவினரின் காணியில் குத்தகைக்கு ஒரு துண்டு, மற்றவரின் மரக்கறித் தோட்டத்தில் கைக்காசு வேலை. முதலில் மண்வெட்டி வாங்குகிறோம். அடுத்ததாகத் தேவைப்படுவது ஒரு சிறிய கத்தி. போஞ்சிக்குக் கயிறு அறுக்க, கோவா வெட்ட, உரப்பையைத் திறக்க, மாட்டுக்குக் கொஞ்சம் புல் அறுக்க என்று நாளைக்குப் பத்துத் தடவை அதைத் தேடுகிறோம். எங்கே வேலை கிடைத்தாலும் கூடவே கொண்டு போகக்கூடியதாக அது இருக்க வேண்டும். அதற்கு மடக்குக் கத்தி, அதிலும் அலகு உள்நோக்கி வளைந்த மடக்குக் கத்தி, மிகவும் உதவும்.

ஆனால் கடைக்குப் போனால் எல்லாம் பளபளக்கின்றன. ஒரே ஒரு கத்திக்குத்தான் கையில் பணம் இருக்கிறது. பிழையான கத்தியை வாங்கினால் பணம் மட்டும் போகாது, விரலும் போகலாம். ஆகவே வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வளைவு எதற்கு?

தேயிலை மலையில் வளர்ந்தவர்களுக்கு வளைந்த கத்தி புதிதல்ல. கவ்வாத்துக் கத்தியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கதிர் அறுக்கும் அரிவாளும் அதே குடும்பம்தான். நேரான கத்தியால் ஒரு தண்டை இழுத்து அறுக்கும்போது தண்டு நழுவி நுனிப் பக்கம் ஓடிவிடும். உள்வளைந்த அலகோ தண்டை அணைத்துப் பிடித்துக்கொள்ளும். இழுக்க இழுக்க வாய் தண்டின் மேல் சறுக்கிக்கொண்டே அறுக்கும். அதனால் குறைந்த பலத்தில் வெட்டு விழுகிறது, வெட்டிய இடமும் நசுங்காமல் சுத்தமாக இருக்கிறது. நசுங்காத காயம் செடிக்கு விரைவில் ஆறும்.

இது மிகப் பழைய அறிவு. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியில் வேளாண்மை பற்றி எழுதிய கொலுமெல்லா என்பவர், திராட்சைக் கொடி வெட்டும் வளைந்த கத்தியைப் பற்றி அதன் ஒவ்வொரு பகுதியையும் பெயர் சொல்லி விவரித்திருக்கிறார். இன்றும் ஐரோப்பாவில் தோட்டக்காரர்கள் சட்டைப் பையில் வைத்திருப்பது அதன் மடக்குக் குட்டிதான். பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் யோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் செய்யத் தொடங்கிய மரப்பிடி மடக்குக் கத்தி உலகம் முழுவதும் அறியப்பட்டது. அந்த நிறுவனம் வளைந்த அலகுடன் செடி வெட்டும் கத்தியும் செய்கிறது.

முதலில் வேலையை எண்ணிப் பாருங்கள்

கத்தியைப் பார்ப்பதற்கு முன் உங்கள் ஒரு நாள் வேலையை எண்ணிப் பாருங்கள்.

வளைந்த மடக்குக் கத்தி நன்றாகச் செய்யும் வேலைகள்: கயிறு அறுப்பது, சாக்கின் தையல் பிரிப்பது, கோவாவின் அடித்தண்டை வெட்டுவது, லீக்ஸின் வேரையும் இலை நுனியையும் நறுக்குவது, ரோசா போன்ற பூச்செடிகளைக் கத்தரிப்பது, சுண்டுவிரல் தடிப்பு வரை உள்ள பச்சைக் கிளைகளை அறுப்பது.

அது செய்ய முடியாத வேலைகளும் உண்டு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட அதால் முடியாது. அதற்குக் கனமான நிலைப்பிடிக் கத்தியும் பழகிய கையும் வேண்டும். விறகு கொத்தவும் மண் தோண்டவும் தகரப் பேணி திறக்கவும் அது கூடாது. ஒட்டுக் கட்டுவதற்கும், தாய்ச் செடியிலிருந்து ஓர் இலையும் ஒரு கணுவுமாகத் தேயிலைத் துண்டு எடுத்து நாற்று மேடையில் வைப்பதற்கும் நேரான அலகுதான் நல்லது. வளைந்த வாயால் தட்டையான வெட்டு வராது. உங்கள் வேலையில் பெரும்பகுதி நாற்று மேடை வேலை என்றால், வளைகத்தியை விட்டுவிட்டு நேர்கத்தியை வாங்குங்கள்.

எவ்வளவு வளைவு?

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, நுனி மட்டும் மெதுவாகக் கீழே சாய்ந்தது. மற்றது, பருந்தின் மூக்கைப் போல வளைந்து கொக்கியாக முடிவது. பார்வைக்கு இரண்டாவதுதான் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் நமக்கு ஏற்றது முதலாவது.

காரணம், கொக்கி போன்ற வளைவை வீட்டில் தீட்டுவது கடினம். சாதாரணத் தீட்டுக்கல் தட்டையானது. உள்வளைவுக்குள் அது போய்ச் சேராது. கூர் போன பிறகு அந்தக் கத்தி பெட்டிக்குள் கிடக்கும். மேலும் கொக்கி முனை துணியிலும் தோலிலும் மாட்டினால் இலகுவில் விடாது. மெதுவான வளைவாக இருந்தால் அதைக் கொண்டு ஓரளவு கிழங்கும் சீவலாம், வீட்டு வேலையும் பார்க்கலாம்.

இன்னொன்றும் இப்போது கடைகளில் தொங்குகிறது. புலி நகம் போல வளைந்து, பிடியின் கடைசியில் விரல் விடும் வளையத்தோடு இருக்கும். கராம்பிட் என்று சொல்வார்கள். தென்கிழக்காசியாவில் அது முதலில் வயல் கருவியாகவே தோன்றியது என்பார்கள். ஆனால் இன்று விற்பது சண்டைக்காகச் செய்யப்பட்ட வடிவம். அதேபோல் பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்திகளும் உண்டு. இவை இரண்டும் நமக்கு வேண்டாம். கோவா வெட்டுகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பொலிசாரின் கண்ணுக்கும் அயலவரின் கண்ணுக்கும் அது ஆயுதம்தான்.

கடையில் செய்ய வேண்டிய ஆறு சோதனைகள்

வெட்கப்படாமல் கேளுங்கள்: "முதலாளி, இதைத் திறந்து பார்க்கலாமா?" திறந்து காட்ட விரும்பாத கடையில் வாங்காதீர்கள்.

1. பூட்டு. இதுதான் முதலாவது சோதனை. பூட்டு இல்லாத மடக்குக் கத்தி, வேலையின் நடுவே தானாக மடங்கி விரலைக் கவ்வும். வளைகத்திக்கு இந்த ஆபத்து கூடுதல். வெட்டி முடிந்ததும் கொக்கியைக் கிளையிலிருந்து பின்னுக்குத் தள்ளி எடுக்கும்போது அலகு மடங்கப் பார்க்கும். பிடியின் கழுத்தில் சுற்றும் வளையப் பூட்டு, பிடிக்குள் தகடு வந்து தாங்கும் பூட்டு, முதுகுப் பக்கத்தில் அழுத்தும் பூட்டு என்று பல வகை உண்டு. ஒப்பினெல் கத்திக்கே வளையப் பூட்டு வந்தது 1955இல்தான். எந்த வகையானாலும் பரவாயில்லை, பிடிக்க வேண்டும். கத்தியைத் திறந்து பூட்டிய பின், விரல்களை அலகு மடங்கும் பாதைக்கு வெளியே, பிடியின் இரு பக்கத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். அலகின் முதுகை மேசையில் மெதுவாக அழுத்துங்கள். வழுகினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

2. ஆட்டம். திறந்த அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆணி தளர்ந்து ஆடினால் அது நாளுக்கு நாள் கூடும். ஆணிக்குப் பதில் திருகாணி இருந்தால் நல்லது, வீட்டில் இறுக்கிக்கொள்ளலாம்.

3. மூடிய முனை. மடக்கிய கத்தியின் மேல் ஒரு துணித் துண்டை இழுத்துப் பாருங்கள். துணி மாட்டினால் முனை முழுதாக உள்ளே போகவில்லை என்று பொருள். சில வளைகத்திகளில் இந்தக் குறை உண்டு. அந்தக் கத்தி முதலில் உங்கள் பையையும் பிறகு உங்கள் தொடையையும் கிழிக்கும்.

4. பிடி. கத்தியைப் பயன்படுத்தப் போகிறவரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஆண்களின் கைக்கு வாங்கிய கத்தியைப் பெண்கள் வைத்து வேலை செய்வது பல வீடுகளில் நடக்கிறது. பிடி பெரிதானால் கை வழுகும். நான்கு விரலும் பிடிக்குள் அடங்க வேண்டும். நுவரெலியா, ஹற்றன் பக்கத்து மூடுபனியில் மரப்பிடி ஈரம் உறிஞ்சி ஊதிக்கொள்ளும், அப்போது அலகைத் திறப்பதே பாடு. சொரசொரப்பான பிளாஸ்டிக் பிடி ஈரத்துக்கு ஏற்றது. நிறம் சிவப்போ மஞ்சளோ என்றால் புல்லுக்குள் விழுந்தாலும் தேடி எடுக்கலாம்.

5. நீளம். அலகு இரண்டரை அங்குலம் இருந்தால் மேலே சொன்ன எல்லா வேலைக்கும் போதும். நீளம் கூடக் கூட ஆணிக்கும் பூட்டுக்கும் பாரம் கூடும், சட்டப் பிரச்சினைக்கும் இடம் கூடும்.

6. இரும்பு. துருப்பிடிக்கும் உருக்கு, துருப்பிடிக்காத உருக்கு என்று இரண்டு உண்டு. முதலாவது சுலபமாகத் தீட்டுப்படும். ஆனால் நமது மழைக்கு ஒரே இரவில் துரு ஏறும். தேயிலைச் சாறு பட்டால் கறுக்கும். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுப்பாவதுதான் காரணம், அந்தக் கறுப்பால் தீமை இல்லை. நாள்தோறும் துடைத்து எண்ணெய் போட முடியாதவர்களுக்குத் துருப்பிடிக்காத உருக்கே நல்லது. சில கடைகளில், "காந்தம் ஒட்டுது பாருங்கண்ணே, அசல் இரும்பு" என்பார்கள். அதை நம்பி விலை கொடுக்காதீர்கள். கத்திக்குப் பயன்படும் துருப்பிடிக்காத உருக்கிலும் காந்தம் ஒட்டும்.

தீட்டத் தெரிந்தால்தான் கத்தி உங்களுடையது

மழுங்கிய கத்தி கூரான கத்தியைவிட ஆபத்தானது. அது வெட்டாததால் நாம் பலத்தைக் கூட்டுகிறோம். கூட்டிய பலம் நழுவும்போது கையில் இறங்குகிறது.

உள்வளைவைத் தீட்ட விலை உயர்ந்த சாமான் தேவையில்லை. பெருவிரல் தடிப்புள்ள உருண்டையான கம்பு அல்லது குழாய்த் துண்டு ஒன்று எடுங்கள். தண்ணீரில் பயன்படுத்தும் சாண்ட் பேப்பரை அதில் சுற்றுங்கள். முதலில் 400 இலக்கம், பிறகு 1000 இலக்கம். தாளை நனைத்துக்கொண்டு, அடிப் பக்கத்திலிருந்து முனை வரை வளைவைப் பின்பற்றி ஒரே சீராகத் தேயுங்கள். சாய்வு ஏறத்தாழ 20 பாகை. நேர்கோணத்தைப் பாதியாக்கி, அந்தப் பாதியை இன்னொரு முறை பாதியாக்கினால் ஏறக்குறைய அந்தச் சாய்வு வரும்.

தீட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். செடி வெட்டும் கத்திகள் சிலவற்றில் ஒரு பக்கம் மட்டுமே சாய்வு இருக்கும், மறு பக்கம் தட்டையாக இருக்கும். அப்படியானால் சாய்வுப் பக்கத்தை மட்டும் தீட்டுங்கள். மறு பக்கத்தில் எழும் மெல்லிய பிசிறை ஓரிரு தடவை இலேசாகத் தடவி எடுத்துவிடுங்கள். கூரைப் பெருவிரலில் சோதிக்கக் கூடாது. ஒரு பத்திரிகைத் தாளைத் தொங்கவிட்டு அறுத்துப் பாருங்கள். கிழியாமல் அறுபட்டால் போதும்.

வேலை முடிந்ததும் அலகையும் ஆணிப் பகுதியையும் துடைத்து உலரவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் போடுங்கள். தையல் இயந்திர எண்ணெய் சிறந்தது. தேங்காய் எண்ணெய் தடவினால் மிக மெல்லிதாகத் தடவுங்கள். கூடினால் நாளடைவில் பிசுபிசுத்து அலகை இறுக்கிவிடும்.

கத்தி நோயையும் சுமக்கும்

உருளைக்கிழங்கு செய்கிறவர்களுக்கு இது முக்கியம். பக்டீரியா வாடல் நோய் மண்ணாலும் விதைக் கிழங்காலும் மட்டும் பரவுவதில்லை. நோயுள்ள கிழங்கை வெட்டிய கத்தியாலேயே நல்ல கிழங்கையும் வெட்டினால் நோய் அதற்கும் போகும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் கத்தரிக்கும்கூட இந்த நோய் வரும்.

ஒரு செடி பச்சையாகவே வாடினால் உங்கள் கத்தியாலேயே சோதிக்கலாம். தண்டின் அடிப் பகுதியில் ஒரு துண்டு வெட்டி, தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடிக் கிளாசில் நுனி தொடும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெள்ளை நூல் கீழே இறங்கினால் பக்டீரியா வாடல் என்று சந்தேகிக்கலாம். உடனே விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லுங்கள். சந்தேகமான செடியைத் தொட்ட கத்தியை முதலில் கழுவி, பிறகு ஸ்பிரிட்டால் நன்றாகத் துடையுங்கள். அல்லது ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அலகைச் சில நிமிடம் அமிழ்த்துங்கள். பிளீச் இரும்பை அரிக்கும், ஆகவே உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். இடம்பெயர்ந்தவர்கள் ஒரே நாளில் இரண்டு மூன்று தோட்டங்களில் வேலை செய்வது வழக்கம். ஒருவரின் நோயை மற்றவரின் நிலத்துக்கு நாம் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது.

கையைக் காத்துக்கொள்ள

வளைகத்தி நம்மை நோக்கி இழுக்கும் கத்தி. ஆகவே இழுக்கும் பாதையில் கால், வயிறு, மறு கையின் பெருவிரல் எதுவும் இருக்கக் கூடாது. உடம்புக்கு நேராக இழுக்காமல் உடம்பின் பக்கமாக இழுக்கப் பழகுங்கள். சரிவில் நின்றால் முதலில் இரண்டு காலையும் ஊன்றுங்கள், பிறகு கத்தியைத் திறவுங்கள். திறந்த கத்தியோடு ஓர் அடியும் நடக்காதீர்கள். கொடுக்கும்போது மடக்கிக் கொடுங்கள்.

வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், கையை உயர்த்திப் பிடியுங்கள். கோப்பித் தூளும் தேயிலைத் தூளும் மண்ணெண்ணெயும் காயத்தில் போடக் கூடாது. இரத்தம் நின்ற பிறகு கொதித்தாறிய தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கழுவலாம். காயம் ஆழமானாலோ, விரலை மடக்க முடியாமல் போனாலோ, உணர்வு குறைந்தாலோ வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மண் பட்ட காயத்துக்கு ஏற்பு நோய்த் தடுப்பூசி பற்றிக் கட்டாயம் கேளுங்கள். இரத்தம் நிற்காவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமில்லாமல் வரும்.

சட்டமும் அயலும்

நமது நாட்டில் கத்திகளைக் கட்டுப்படுத்தும் கட்டளைச் சட்டம் ஒன்று பிரித்தானியர் காலத்திலிருந்து இருக்கிறது. பொது இடத்தில் கத்தியோடு நிற்பவரிடம் காரணம் கேட்கப் பொலிசாருக்கு இடமுண்டு. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிசார் அறிவித்தபோது, அன்றாட வேலைக்கான கத்திகள் அதில் அடங்காது என்றும் சொன்னார்கள். அப்படி இருந்தும் எந்தக் கத்தி வேலைக்கானது என்று நாம்தான் விளக்க வேண்டியிருக்கும்.

ஆகவே "எப்போதும் பையில்" என்பதை "வேலைக்குப் போகும்போது பையில்" என்று மாற்றிக்கொள்வோம். வேலைக்குப் போகும்போது கத்தி மற்றக் கருவிகளோடு, மடக்கி, துணியில் சுற்றி வேலைப் பையில் இருக்கட்டும். டவுனுக்கும், திருவிழாவுக்கும், கூட்டத்துக்கும், நீதிமன்றத்துக்கும், வைத்தியசாலைக்கும் போகும்போது அது வீட்டில் இருக்கட்டும். நீங்கள் வாங்க நினைக்கும் கத்தி பற்றிச் சந்தேகம் இருந்தால், வாங்குவதற்கு முன் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தற்காலிக வீடுகளில் நெருக்கம் அதிகம். தண்ணீருக்கும் சத்தத்துக்கும் வாக்குவாதம் வருகிறது. மாலையில் குடியும் சேர்ந்தால் சட்டைப் பையிலுள்ள சிறு கத்தியே ஒரு குடும்பத்தைச் சிறைக்கும் இன்னொரு குடும்பத்தைச் சுடுகாட்டுக்கும் அனுப்பப் போதும். வேலை முடிந்து வந்தவுடன் கத்தி பையிலிருந்து வெளியே வந்து, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு பெட்டிக்குள் போக வேண்டும். அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு வீட்டில் குடிக்காத ஒருவருக்கு இருக்கட்டும்.

குழுவாகச் செய்யக்கூடியது

ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால் தீட்டுவதற்கு ஒரு கல்லும் சாண்ட் பேப்பரும் பொதுவாக வாங்கிவிடலாம். கவ்வாத்து வேலை செய்து பழகிய மூத்தவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். தீட்டுவதை அவர்களைவிட நன்றாகக் கற்றுக்கொடுப்பவர்கள் கிடைப்பது அரிது. ஒரு ஞாயிறு பின்னேரம் அவர்களை அழைத்து உட்கார வையுங்கள். பின்வரும் கேள்விகளையும் பேசிப் பாருங்கள்:

நம் வீட்டில் கத்தியை அதிகம் பயன்படுத்துவது யார்? கடைக்குப் போகிறவர் அவரா?

கடைசியாக நம் குழுவில் யாருக்கு வெட்டுப்பட்டது? கத்தி மழுங்கியதாலா, பூட்டு இல்லாததாலா, அவசரத்தாலா?

இரவில் நம் கத்தி எங்கே இருக்கிறது?

இழந்த கருவிகள் எல்லாம் ஒரே நாளில் திரும்பி வராது. ஒவ்வொன்றாகத்தான் வாங்குவோம். வாங்கும் ஒவ்வொன்றும் பல ஆண்டு உழைக்கும்படி பார்த்து வாங்குவோம்.